சதையி அழற்சியில் நைத்திரிக் ஒட்சைட்டை அளத்தல்: மலையக ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வருவோருக்கு

சதையியில் (கணையத்தில்) அழற்சி தொடங்கியதும் அங்கே நைத்திரிக் ஒட்சைட்டு பெருகுகிறது. ஆனால் அதை நேரடியாகப் பிடித்து அளப்பது அரிது. இழையத்தில் அது சில செக்கன்களே நிலைக்கும்; பிறகு நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாறிவிடும். அருகில் சூப்பரொட்சைட்டு இருந்தால் அதனுடன் சேர்ந்து பெரொட்சிநைத்திரைற்றாகும். உடற் சூழலில் அதன் வாழ்நாள் மில்லிசெக்கன்களில்தான். ஆகவே நாம் அளப்பது பெரும்பாலும் எரிந்து முடிந்த அடுப்பின் சாம்பலைத்தான். அந்தச் சாம்பல் இந்த அடுப்பிலிருந்துதான் வந்ததா, தண்ணீரிலிருந்தோ கையுறையிலிருந்தோ எலியின் தீனியிலிருந்தோ வந்து சேர்ந்ததா என்று பிரித்தறிவதே இந்த வேலையின் முக்கால்வாசி. நிறம் வரவைப்பது எளிது.

பேராதனையிலோ பதுளையிலோ ஒரு சாதாரண ஆய்வுகூடத்தில் பிளேட் ரீடர், குளிர் சென்றிஃபியூஜ், −80 பாகை உறைபெட்டி ஆகிய மூன்றும் இருந்தால் கீழே உள்ளதைச் செய்யலாம். ஓசோன் ஒளிர்வுக் கருவியோ திணிவு நிறமாலைமானியோ இருந்தால் இன்னும் நுட்பமாக அளக்கலாம். இல்லையென்பதற்காக வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

முதலில் எந்த முறையில் விலங்கில் அழற்சியை உண்டாக்குவது என்று தீர்மானியுங்கள்

விலங்கு நெறிமுறைக் குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம். வலிநிவாரணம், கருணைக்கொலைக்கான எல்லைகள் ஆகியவை அந்த விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும்.

சுண்டெலிகளில் பரவலாகப் பயன்படுவது, சதையியை அளவுக்கு மீறித் தூண்டும் செருலீன் என்ற பெப்ரைட்டைக் கொடுக்கும் முறை. கிலோகிராமுக்கு 50 மைக்ரோகிராம் வீதம், மணிக்கு ஒரு முறை, ஆறேழு தடவை வயிற்றறைக்குள் ஊசி போடப்படும். வருவது பெரும்பாலும் நீர்வீக்க வகை அழற்சி. விலை குறைந்தது எல்-ஆர்ஜினின் முறை. எலிகளுக்குக் கிலோகிராமுக்கு 2.5 கிராம் வீதம் ஒரு மணி இடைவெளியில் இரு தடவை கொடுப்பார்கள். இது சதையிக் கலங்களைக் கடுமையாக அழிக்கும். பணம் குறைவு என்பதால் மாணவர்கள் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது: நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கும் நொதியத்தின் மூலப்பொருளே எல்-ஆர்ஜினின். அதை இவ்வளவு பெரிய அளவில் ஊற்றிவிட்டு, நைத்திரைற்று கூடியிருக்கிறது, எனவே அழற்சிதான் காரணம் என்று எழுதினால் எந்தத் தேர்வாளரும் விடமாட்டார். நைத்திரிக் ஒட்சைட்டே உங்கள் கேள்வி என்றால் செருலீனுக்குப் போங்கள்.

நொதியத்தின் வகைகளையும் மனதில் வையுங்கள். குருதிக்குழாய்ச் சுவரில் உள்ள வகை எப்போதும் சிறிதளவு வாயுவை உண்டாக்கி, நுண்குழாய்களில் குருதியோட்டத்தைக் காக்கிறது. அழற்சியில் தூண்டப்படும் வகை புதிதாக உருவாகப் பல மணிநேரம் எடுக்கும். வந்தபின் பெருமளவில் உண்டாக்கும். ஒரேயொரு நேரத்தில் மாதிரி எடுத்தால் இந்த இரண்டில் எதைப் பார்க்கிறீர்கள் என்று சொல்ல முடியாது. முதல் ஊசியிலிருந்து கணக்கிட்டு, அழற்சி எழும்போது, உச்சத்தில், தணியும்போது என்று குறைந்தது மூன்று நேரங்களைத் திட்டமிடுங்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் உப்புநீர் ஊசி போட்ட தனி ஒப்பீட்டுக் குழு வேண்டும். அழற்சி உண்மையில் வந்ததா என்பதை சீரம் அமைலேசாலும் (சேதமுற்ற சதையியிலிருந்து குருதிக்குக் கசியும் நொதியம்) இழையவியல் வெட்டாலும் உறுதிசெய்யுங்கள்.

தண்ணீரும் தீனியும்

மலையகத்தில் இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் உரம் தாராளமாகப் போடுகிறார்கள். அப்படிப்பட்ட நிலத்தடியிலிருந்து வரும் கிணற்று நீரிலும் ஊற்று நீரிலும் நைத்திரேற்று இருக்கக்கூடும். விலங்குக்கூடத்தின் போத்தலில் அந்த நீரை ஊற்றினால் அது எலியின் குருதிக்குப் போய், உங்கள் அட்டவணையில் "அழற்சி" என்ற பெயரில் வந்து நிற்கும். மிச்சமாகும் பீற்றூட் இலையையும் கோவா இலையையும் கூண்டில் போடும் பழக்கம் இருந்தால், ஆய்வுக் காலம் முழுவதும் அதை நிறுத்தச் சொல்லுங்கள்; இலைமரக்கறியிலும் பீற்றூட்டிலும் நைத்திரேற்று மிக அதிகம். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே பொதித் தீனி, ஒரே வடித்த நீர். மாதிரி எடுக்கும் முந்திய இரவு தீனியை நிறுத்தி நீர் மட்டும் கொடுங்கள்.

ஆய்வுகூடத்துக்குள்ளும் இதே விழிப்பு வேண்டும். கண்ணாடிப் பாத்திரங்களை நைத்திரிக் அமிலத்தில் கழுவும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இந்த வேலைக்கு அது கேடு. ஐதரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, மீள்வடித்த நீரில் பலமுறை அலசுங்கள். முடிந்தால் புதிய பிளாஸ்டிக் குழாய்களையே பயன்படுத்துங்கள். இறப்பர்க் கையுறை, வடிதாள் ஆகியவற்றிலிருந்தும் நைத்திரேற்று வரும். நைத்திரைல் கையுறையைக்கூட முதலில் வெற்று மாதிரியில் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு புதிய போத்தல் நீருக்கும் ஒரு வெற்று அளவீடு செய்து திகதியுடன் குறித்து வையுங்கள்.

இழையத்தை எடுத்தல்

சதையி மற்ற உறுப்புகளைப் போலல்ல. அது தன்னையே சமிபாடடையச் செய்யும் நொதியங்களால் நிறைந்தது. ஈரல் பொறுத்துக்கொள்ளும் ஐந்து நிமிடத் தாமதத்தைச் சதையி பொறுக்காது. இரண்டு பேராகச் செய்யுங்கள்: ஒருவர் வெட்டி எடுக்க, மற்றவர் குழாய், எடைத்தராசு, திரவ நைதரசன் ஆகியவற்றோடு தயாராக நிற்க வேண்டும். வயிறு திறந்ததிலிருந்து உறைவது வரை இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

மண்ணீரலை இடுக்கியால் தூக்கினால் சதையியின் வால்பகுதி கூடவே எழும். கொழுப்பையும் நிணநீர்க் கணுக்களையும் நீக்குங்கள். கணுக்களை விட்டுவிட்டால் அவற்றின் கலங்கள் அளவைக் குழப்பும். பனிக்கட்டியில் குளிர்ந்த உப்புநீரில் விரைவாக அலசி, குருதியை அகற்றுங்கள். இதை ஒப்புக்குச் செய்ய வேண்டாம். ஒட்சி-ஈமோகுளோபின் நைத்திரிக் ஒட்சைட்டையும் நைத்திரைற்றையும் நைத்திரேற்றாக மாற்றிவிடும். அதோடு 540 நனோமீற்றருக்கு அருகிலேயே ஒளியை உறிஞ்சும், நீங்கள் அளக்கப்போவதும் அதே அலைநீளத்தில்தான். குருதிக்கசிவு வகை அழற்சியில் அலசுதல் போதாது. இதயம் வழியாகக் குளிர்ந்த உப்புநீரைச் செலுத்தி உறுப்பையே வெளுக்கச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு சதையியையும் நான்கு துண்டாக்குங்கள்: நைத்திரைற்றுக்கு 100 மில்லிகிராம், நைத்திரோதைரோசினுக்கு (பெரொட்சிநைத்திரைற்று புரதத்தில் விடும் தழும்பு, கீழே வரும்) ஒரு துண்டு நடுநிலை ஃபோர்மலினில், ஈர-உலர் எடைக்கு ஒரு துண்டு, மீதி சேமிப்புக்கு. உறைந்தவை −80 பாகைக்கு. −20 பாகைப் பெட்டி சில நாட்களுக்கே சரி. இங்கே மின்வெட்டும் வரும் என்பதால் மின்பிறப்பாக்கியோடு இணைந்த உறைபெட்டியாகப் பாருங்கள்.

திரவ நைதரசன் கிடைக்காது என்று பலர் கையை விரிக்கிறார்கள். மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நடக்கும் இடங்களில் விந்தணுக்களைச் சேமிப்பதே அதில்தான். பாற்பண்ணைப் பிரதேசங்களில் விசாரித்தால் வழி பிறக்கும். நுவரெலியாவிலிருந்து பேராதனைக்கு இறம்பொடை வளைவுகளால் குடுவையைக் கொண்டுவருவதானால் நிமிர்த்தி இறுகக் கட்டுங்கள். மூடியை ஒருபோதும் அடைத்துப் பூட்ட வேண்டாம், ஆவி வெளியேறாவிட்டால் குடுவை வெடிக்கும். வாகனத்தின் யன்னல்களைத் திறந்தே வையுங்கள், பூட்டிய வாகனத்தில் அந்த ஆவி ஒட்சிசனை வெளியே தள்ளிவிடும்.

அரைத்தலும் புரதத்தை நீக்கலும்

அரைக்கும் கரைசல்: 20 மில்லிமோலார் ஹெப்பிஸ் என்ற தாங்கற்பொருள், பீ.எச். 7.4, ஈ.டி.ரி.ஏ. 0.5 மில்லிமோலார். பயன்படுத்துவதற்குச் சற்று முன், புரதத்தை உடைக்கும் நொதியங்களைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எஃப். சேர்த்து 1 மில்லிமோலாராக்குங்கள். அது நீரில் வேகமாகச் சிதையும். முதல்நாள் கலந்து வைத்தது வீண். ஐசோப்புரோப்பனோலில் 100 மில்லிமோலார் கரைசலாக வைத்திருங்கள். பொசுபேற்றுத் தாங்கற் கரைசலை இங்கே தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அடுத்துச் சேர்க்கப்போகும் சிங்கு சல்பேற்றை அது வீழ்படிவாக்கிவிடும், புரதம் கரைசலிலேயே நின்றுவிடும்.

100 மில்லிகிராம் இழையத்துக்கு 500 மைக்ரோலீற்றர். பனிக்கட்டியில் வைத்து 10 செக்கன் வீதம் மூன்று முறை, இடையில் அரை நிமிட ஓய்வு. 12,000 ஜி வேகத்தில் 4 பாகையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரில் 20 மைக்ரோலீற்றரைப் புரத அளவீட்டுக்காக இப்போதே எடுத்து வையுங்கள். இதை மறந்து சிங்கு சேர்த்த பிறகு தேடினால் புரதம் அடியில் படிந்திருக்கும்.

பிறகு லீற்றருக்கு 300 கிராம் செறிவுள்ள சிங்கு சல்பேற்றை இருபதில் ஒரு பங்கு சேர்த்துக் கலக்கி, 10,000 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுழற்றுங்கள். வெண்மையாகப் படியும். மேல்நீர் இன்னும் கலங்கலாக இருந்தால் 10 கிலோடால்ற்றன் வடிகட்டிக் குழாய்க்குள் விடலாம். அந்தக் குழாய்களை முன்கூட்டியே மீள்வடித்த நீரால் இருமுறை கழுவுங்கள். புதிய வடிகட்டிகளிலும் நைத்திரேற்று இருக்கும். புரதத்தை நீக்க அமிலம் ஊற்றும் பழைய முறை இங்கே கூடாது. அமிலத்தில் நைத்திரைற்று நைத்திரசு அமிலமாகி வாயுவாக வெளியேறும், கந்தகக் கூட்டங்களோடும் பிணையும்.

நிறம் உண்டாக்கல்

கிரீஸ் என்ற வேதியியலாளரின் 19ஆம் நூற்றாண்டு முறையே இன்றும் ஓடுகிறது. நியமக் கரைசல்: 0.069 கிராம் சோடியம் நைத்திரைற்றை 10 மில்லிலீற்றரில் கரைத்தால் 0.1 மோலார். அதை ஆயிரம் மடங்கு ஐதாக்கினால் 100 மைக்ரோமோலார். அதிலிருந்து பாதி பாதியாக 1.6 வரை இறங்குங்கள், கடைசியாகப் பூச்சியம் ஒன்று. ஐதாக்குவதற்கு நீரை அல்ல, மாதிரிக்குப் பயன்படுத்திய அதே ஹெப்பிஸ், ஈ.டி.ரி.ஏ., சிங்கு கலவையையே எடுங்கள். மலையகத்தின் ஈரப்பதத்தில் சோடியம் நைத்திரைற்று நீரை உறிஞ்சிக் கட்டியாகும். உலர்த்தியில் வையுங்கள், கட்டிபட்ட போத்தலை நிறுத்து எடுக்க வேண்டாம்.

நைத்திரைற்றுக்கு மட்டும்: 96 குழிப் பிளேட்டில் மாதிரி 100 மைக்ரோலீற்றர். அதன்மேல் 5 சதவீத பொசுபோரிக் அமிலத்தில் கரைத்த 1 சதவீத சல்பனிலமைட்டு 50 மைக்ரோலீற்றர், இருட்டில் 10 நிமிடம். பிறகு 0.1 சதவீத நாப்தைல் எதிலீன் டைஅமீன் 50 மைக்ரோலீற்றர், மீண்டும் 10 நிமிடம். 540 நனோமீற்றரில் அரை மணிக்குள் வாசியுங்கள். இரண்டு பதார்த்தங்களையும் முன்பே கலந்து வைத்தால் வேலை எளிது, ஆனால் இரண்டாவது பொருளும் நைத்திரைற்றுக்குப் போட்டியிடுவதால் உணர்திறன் குறையும். நுவரெலியாவின் குளிர்ந்த காலையில் அறை 15, 16 பாகையாக இருக்கும்போது நிறம் மெதுவாக வரும். நியமமும் மாதிரியும் ஒரே பிளேட்டில், ஒரே வெப்பநிலையில் இருந்தால் பெரும்பாலும் பாதிப்பில்லை; நேற்றைய வளைகோட்டை இன்றைய மாதிரிக்குப் பயன்படுத்தும் சோம்பல்தான் கெடுக்கும்.

நைத்திரேற்றையும் சேர்த்து அளக்க அதை முதலில் நைத்திரைற்றாகத் தாழ்த்த வேண்டும். கட்மியக் குறுணி, நைத்திரேற்று ரிடக்டேசு நொதியம், வனேடியம் முக்குளோரைட்டு என்று மூன்று வழிகள். பிளேட்டில் செய்வதற்கு மூன்றாவதே வசதி. 1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலீற்றரில் 400 மில்லிகிராம் வனேடியம் முக்குளோரைட்டைக் கரைத்து, வடிகட்டி, இருட்டில் 4 பாகையில் வைத்தால் இரண்டு வாரம் வரை தாங்கும். கரைக்கும்போது புகை எழும். ஃபியூம் ஹூட்டுக்கு வெளியே திறக்க வேண்டாம். குழியில் மாதிரி 100, வனேடியம் 100, உடனே சல்பனிலமைட்டும் நாப்தைலும் தலா 50 மைக்ரோலீற்றர். இந்த முறைக்குச் சல்பனிலமைட்டை 5 சதவீத ஐதரோகுளோரிக் அமிலத்தில் 2 சதவீதமாகக் கரைப்பார்கள். 37 பாகையில் 30 முதல் 45 நிமிடம் வைத்து வாசியுங்கள். மொத்தத்திலிருந்து நைத்திரைற்றைக் கழித்தால் நைத்திரேற்று.

தாழ்த்தல் முழுமையாக நடந்ததா? பொற்றாசியம் நைத்திரேற்றில் ஒரு நியம வளைகோடு போடுங்கள் (0.101 கிராம் 10 மில்லிலீற்றரில் 0.1 மோலார்). அதன் சாய்வை நைத்திரைற்று வளைகோட்டின் சாய்வால் வகுத்தால் 0.9க்குக் கீழே வரக்கூடாது. வந்தால் வனேடியம் பழையது.

கட்மியமும் வனேடியமும் கைகழுவும் தொட்டிக்குள் போகக்கூடாது. பேராதனையில் வடிகால் எங்கே போகிறது என்று யோசித்தால் போதும்: பக்கத்தில் மகாவலி ஓடுகிறது. பெயர் எழுதிய கழிவுப் போத்தலில் சேர்த்து ஒப்படையுங்கள்.

நம்பக்கூடாத எண்கள்

ஒவ்வொரு மாதிரிக்கும் நாப்தைலுக்குப் பதிலாக நீர் விட்ட ஒரு குழி வைத்து, அதன் வாசிப்பைக் கழியுங்கள். ஈமோகுளோபினின் நிறமும் கலங்கலும் அங்கேயே பிடிபடும்.

அடுத்தது, மாதிரியில் தெரிந்த அளவு, உதாரணமாக 10 மைக்ரோமோலார் நைத்திரைற்றைச் சேர்த்து அது திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். 85 முதல் 115 சதவீதம் வரை ஏற்கலாம். மலையகத்தில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது, காரணம் தேயிலை. பச்சைத் தேயிலைச் சாறு அழற்சியைக் குறைக்கிறதா என்று பார்க்கும் மாணவர் ஆய்வுகளில், தேயிலையின் பொலிபீனோல்கள் அமிலச் சூழலில் நைத்திரைற்றோடு தாமே வினைபுரியும். அப்போது நைத்திரைற்று குறைந்தது எலியிலா, குழியிலா என்று தெரியாது. உயிர்ச்சத்து சீயும் இப்படித்தான். மீட்பு குறைந்தால் மாதிரியை ஐதாக்கி மீண்டும் அளவிடுங்கள்.

நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கும் நொதியத்தைத் தடுக்க எல்-நேம் போன்ற ஆர்ஜினின் வழிப்பொருட்களைக் கொடுத்த குழுக்களில் வனேடிய முறை பொய் சொல்லக்கூடும், அந்த மருந்தையே தனியாகக் குழியில் விட்டுப் பார்த்துவிடுங்கள். குருதி மாதிரிக்கு ஹெப்பரின் குழாய் வேண்டாம்; கிரீஸ் பதார்த்தங்களோடு அது கலங்கும். ஈ.டி.ரி.ஏ. குழாயோ சீரமோ எடுங்கள்.

கணக்கு எளிது. வாசிப்பு 12 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். சிங்கினால் ஐதானதற்கு 1.05ஆல் பெருக்கினால் 12.6, அதாவது மில்லிலீற்றருக்கு 12.6 நனோமோல். அதே நீரில் புரதம் மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் என்றால் விடை மில்லிகிராம் புரதத்துக்கு 1.26 நனோமோல். ஈர எடையால் வகுக்க வேண்டாம். அழற்சியுற்ற சதையி நீரால் வீங்கியிருக்கும். எடை கூடும், விடை குறையும், உண்மையான ஏற்றம் மறைந்துவிடும். உலர் எடைத் துண்டு ஒன்றை வைக்கச் சொன்னது இதற்காகவே.

நைத்திரோதைரோசின்

பெரொட்சிநைத்திரைற்று புரதத்தின் தைரோசினில் விட்டுச்செல்லும் தழும்பு 3-நைத்திரோதைரோசின். நைத்திரைற்றைப் போல சில மணிநேரத்தில் கழுவப்பட்டுப் போகாது என்பதால் பிறபொருளெதிரியால் நிறமூட்டி, இழையவெட்டில் எங்கே சேதம் என்றே பார்க்கலாம். எனினும் இது பெரொட்சிநைத்திரைற்றுக்கு மட்டுமே உரியதல்ல. நடுநாடி வெண்குழியங்களின் மைலோபெரொட்சிடேசு என்ற நொதியமும் நைத்திரைற்றையும் ஐதரசன் பெரொட்சைட்டையும் கொண்டு இதே தழும்பை உண்டாக்கும். அழற்சியில் அந்தக் குழியங்களுக்குப் பஞ்சமில்லை. எனவே "புரத நைத்திரேற்றம் கூடியது" என்று எழுதுங்கள், அதற்கு மேல் போக வேண்டாம்.

சதையிக்கே உரிய இன்னொரு சிக்கல், அதன் கலங்களில் பயோட்டின் இயற்கையாகவே நிறைய உண்டு. பயோட்டினோடு ஒட்டும் அவிடினைக் கொண்டு நிறமூட்டும் அவிடின்-பயோட்டின் முறையைப் பயன்படுத்தினால் நோயற்ற சதையியும் பழுப்பாகத் தெரியும். பொலிமர் வகைக் கண்டறிதல் தொகுதியை வாங்குங்கள்.

பாரஃபின் வெட்டுகளில் பிறபொருளெதிரியாக்கிகளை மீட்க வெட்டுகளைச் சூடாக்குவார்கள். செய்முறைத் தாள் 95 முதல் 98 பாகை வரை என்று சொல்லும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் 95ஐத் தொடாது. பிரஷர் குக்கரைப் பயன்படுத்துங்கள். கண்டியில் 98 வரை போகும் என்பதால் நீர்த்தொட்டியே போதும்.

எதிர்மறை ஒப்பீடு கட்டாயம். பக்கத்து வெட்டை பீ.எச். 9 போரேற்றுக் கரைசலில் 100 மில்லிமோலார் சோடியம் டைதயோனைற்றில் நனைத்தால் நைத்திரோதைரோசின் அமினோதைரோசினாக மாறும், உண்மையான நிறம் மறையும். மறையாமல் நிற்பது பொய் நிறம். டைதயோனைற்றை அந்தந்த நேரத்திலேயே கரைக்க வேண்டும், பழைய கரைசல் எதையும் தாழ்த்தாது. அல்லது பிறபொருளெதிரியை 10 மில்லிமோலார் தனி 3-நைத்திரோதைரோசினோடு முன்கூட்டியே கலந்துவிட்டுப் பூசுங்கள்.

திணிவு நிறமாலைமானியில் அளக்க மாதிரியை வெளியே அனுப்பினால், புரதத்தை அமிலத்தில் உடைக்கிறார்களா என்று கேளுங்கள். மாதிரியில் மிஞ்சிய நைத்திரைற்று அந்த அமிலத்திலேயே புதிதாகத் தைரோசினை நைத்திரேற்றம் செய்யும். ஓரிடத்தான் குறியிட்ட தைரோசினைச் சேர்த்து இதைக் கண்காணிக்க வேண்டும், இல்லையேல் நொதியத்தால் உடைக்கச் சொல்லுங்கள்.

நோயாளியின் மாதிரிக்குப் போகும்போது

மனிதச் சதையி இழையம் கிடைப்பது அரிது, கையில் வருவது குருதியும் சிறுநீரும்தான். முதல்நாள் சாப்பாட்டில் கீரையும் பீற்றூட்டும் இருந்ததா என்று படிவத்தில் கேளுங்கள். கடும் சதையி அழற்சியில் சிறுநீரகம் தளர்வது வழக்கம். நைத்திரேற்று வெளியேறாமல் குருதியில் தேங்கும். அப்படிப்பட்டவரிடம் சீரம் நைத்திரேற்று உயர்ந்திருந்தால் அது உற்பத்தி கூடியதாலா, வடிகால் அடைபட்டதாலா என்று ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சீரம் கிரியற்றினினை அதே குழாயிலேயே அளந்து, சிறுநீர் முடிவுகளைக் கிரியற்றினினால் வகுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தே அட்டவணைப்படுத்துங்கள்.